கிளெனிஸ் அடுப்பை அணைத்த குளிர்காலம்

கிளெனிஸ் பஃப்டன் வீட்டுக் கதவை எங்கள் மலையில் யாரும் தட்டியதில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போவோம். போனதும் முதல் வேலை, சமையலறை இரும்பு அடுப்பின் முன்கம்பியில் பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பது. வேல்ஸ் எல்லையோரத்து இந்த ஷ்ராப்ஷயர் மலையில் வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வருமோ என்ற பயம். கால்சட்டையிலிருந்து ஆவி பறக்கிற வரைக்கும் அப்படியே நின்று, கிளெனிஸ் கையில் திணிக்கிற டீயைக் குடித்து, அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொல்வோம்.

நான் நெஸ்டா. அவள் நிலத்துக்கு அடுத்த நிலம் என்னுடையது. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர் உண்டு, அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கிளெனிஸைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்கு வார்த்தை கொஞ்சம் தடுமாறும். அப்படி ஒரு மனுஷி அவள்.

குள்ளம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை ஊக்குப் போட்டுத்தான் மாட்டியிருப்பாள். பிறந்தது வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தபோது செம்மறியாட்டின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றுகூடத் தெரியாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். புருஷன் எம்ரிஸ் செத்த மறுநாள் நான் ஆறுதல் சொல்லலாம் என்று போனால், அம்மாள் கொட்டகையில் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். "ஆடு துக்கம் விசாரிக்குமா? வா, வந்து காலைப் பிடி" என்றாள். பிடித்தேன். பாதி மந்தை முடிவதற்குள் அவள் ஒரு ஆட்டின் முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு அடுத்த ஆட்டுக்கு ஊசி.

அந்த அடுப்பு அவள் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்தது. சுவரோரம் ஒரு பசு படுத்திருக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும், பாலாடை நிறத்தில். முதலில் நிலக்கரியில் எரிந்தது, பிறகு எண்ணெயில். எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆள் வைத்து உள்ளே இருந்த எண்ணெய்ப் பாகங்களை மட்டும் பிடுங்கிவிட்டு மின்சாரத்துக்கு மாற்றினாள். எதில் எரிந்தாலும் அதன் குணம் ஒன்றுதான். அணைக்கவே கூடாது. ராத்திரி பகல், கோடை குளிர், சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் அது சூடாகவே இருக்கும். மேலறை வறுக்கிற சூடு, கீழறை கைபொறுக்கிற சூடு.

அந்தக் கீழறைதான் எங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி. ஆடு குட்டி போடுகிற மார்ச், ஏப்ரல் மாதங்களில் விறைத்துப்போன குட்டி கிடைத்தால் யாரும் யோசிப்பதில்லை. கோட்டுக்குள் போட்டுக்கொண்டு கிளெனிஸ் வீட்டுக்கு ஓடு, கீழறையைத் திற, பழைய துண்டின் மேல் குட்டியைக் கிடத்து, கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வை, உன் வேலையைப் பார்க்கப் போ. அவள் வீட்டில் இருக்கிறாளா என்றுகூடப் பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் உள்ளிருந்து கத்தல் கேட்கும். ஈஸ்டர் ஞாயிறு ஒன்றில் மேலறையில் ஆட்டுத் தொடை வெந்துகொண்டிருந்தபோது கீழறையில் மூன்று குட்டிகள் படுத்திருந்தன. "மேல தாத்தா வேகுறாரு, கீழ பேரன்க குளிர் காயுறானுங்க" என்றாள் கிளெனிஸ், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். பாதிரியாருக்கு டீ புரையேறிவிட்டது.

அடுப்பை மின்சாரத்துக்கு மாற்றியதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. சுரங்க ஊர்க்காரி அல்லவா. "புகையே கிடையாது நெஸ்டா. துளிகூட. எங்கப்பா இருந்தா இதைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாரு" என்பாள்.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. மின்சார விலை ஏறிய வேகத்தில் ஊரில் பேச்சே அதுதான். கடையில் பால் வாங்கும்போது அது, சேப்பலில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் அது. நாங்களெல்லாம் விளக்கை அணைத்தோம், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டோம். கிளெனிஸும்தான் அணைத்தாள். மாடி ஹீட்டரை அணைத்தாள், கூடத்தை மூடினாள், படுக்கையைச் சமையலறைக்கே இறக்கினாள். அடுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்தாள்.

ஜனவரியில் ஒருநாள் அவள் தொழுவத்துப் பக்கம் போனேன். பன்னிரண்டு ஆடுகளைத் தனியாக மடக்கி நிறுத்தியிருந்தாள். எல்லாம் சினை ஆடுகள், மந்தையிலேயே மடி பெருத்த, நல்ல தாய்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் ஒரு கோடு. சந்தைக்குப் போகிற கோடு அது.

"என்ன இது?"

"முறைக்காத. பன்னிரண்டுதான் போகுது."

"எதுக்குன்னு கேக்குறேன்."

"கரண்ட் பில் வந்திருக்கு. அடுத்ததும் வரும்."

"ஆடு எப்போலேருந்து கரண்ட்ல ஓடுது?"

"அடுப்பு ஓடுதே."

"அப்ப அதை அணைச்சுத் தொலையேன்!"

"அணைச்சா மார்ச்ல குட்டிங்க எங்க போகும்? உன் குட்டிங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

எனக்கு வந்ததே கோபம். "எந்தக் குட்டி? தாயை வித்துட்டா குட்டி ஏது? குட்டிக்காக அடுப்பு வச்சிருக்க, அடுப்புக்காக ஆட்டை விக்கிற. இந்த வருஷம் பன்னிரண்டு, அடுத்த வருஷம் பன்னிரண்டு, அப்புறம் காலிக் கொட்டகைக்குப் பக்கத்துல சூடா ஒரு அடுப்பு! மூளை இருக்கா உனக்கு?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஆட்டின் முதுகில் கையை வைத்தாள். "லாரி வெள்ளிக்கிழமை வருது" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் கிளெனிஸ் சமையலறையில் இருந்தபோது ரோலண்டும் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலம் கட்டுகிற எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று, நகரத்திலிருந்து எங்கள் மலைக்கு வந்தவர். கூரை முழுக்க சோலார் தகடு. எட்டு ஆடு வளர்த்தார், எட்டுக்கும் பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர்களைச் சந்தையில் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். நல்ல மனுஷன், கோபித்துக்கொள்ள மாட்டார். அடுப்பைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தினம் வந்து அதில்தான் பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

கிளெனிஸ் நேராகவே கேட்டுவிட்டாள். "ரோலண்ட், மனசுல இருக்கிறதை மறைக்காம சொல்லுங்க. இந்த அடுப்பு எவ்வளவு இழுக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் டீயைப் பார்த்தேன்.

"என் வீடு மூணு வாரத்துல எடுக்கிறதை இது ஒரே வாரத்துல எடுக்குது" என்றார், குற்றம் செய்தவர் மாதிரி.

"காசு போனா போகுது. புகை இல்லையே."

அவர் அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. அதற்காக இன்றைக்கும் நான் அவரை மதிக்கிறேன்.

"இந்த வீட்டுல புகை இல்ல கிளெனிஸ். நல்லா காத்தடிக்கிற நாள்ல காத்தாலை கரண்ட் வருது, அதுல புகை இல்ல. காத்து செத்துப்போன குளிர்நாள் சாயங்காலத்துல, நாடே அடுப்பு மூட்டுற நேரத்துல, எங்கயோ எரிவாயுவை எரிச்சுத்தான் நமக்குக் கரண்ட் வருது. நீங்க சமைக்கிற நேரத்துக்கு மட்டும் எடுத்தா சரி. இது நீங்க தூங்குறப்பவும் எடுக்குது, வெளியூர் போனாலும் எடுக்குது."

கிளெனிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப என் புகை வேற யாரோட ஊர்லயோ போகுது."

"ஒரு வகையில... ஆமா."

"அங்கயும் யாராவது துணி காயப்போட்டிருப்பாங்க."

அவள் எழுந்து அவர் கோப்பையை வாங்கிக்கொண்டாள். "நேரமாச்சு, கெளம்புங்க ரெண்டு பேரும்" என்று எங்களை வெளியே தள்ளாத குறைதான். சுரங்க ஊரில் அவள் அம்மா வெள்ளைத் துணியைக் காயப்போட்டுவிட்டு, கரி படிந்து எடுத்து, மறுபடி துவைத்த கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பில்லைப் பார்த்துக் கலங்காதவள் இந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப்போனாள்.

மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டாள். லாரிக்காரனுக்கும் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அறுபத்தெட்டு வயதில், ஒரு கோபதாபம் இல்லாமல், "எனக்குத் தெரியாம இருந்துச்சு, இப்போ தெரிஞ்சுபோச்சு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். என்னால் முடியுமா? சத்தியமாக முடியாது. நானாக இருந்தால் ரோலண்டோடு நாலு மாதம் பேச்சை நிறுத்தியிருப்பேன்.

அந்த இரும்பு ஆற ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. டக், டக் என்று சத்தம் போட்டுக்கொண்டே ஆறியது. உள்ளே துடைக்கும்போது மேலறையின் மூலையில் கரிக்கட்டையாக ஒரு உருளைக்கிழங்கு கிடைத்தது. இந்த அடுப்பில் எது கருகினாலும் வாசனை குழாய் வழியாக வெளியே போய்விடும், வீட்டுக்குள் தெரியாது. "எம்ரிஸ் காலத்துதா இருக்கும். கிழங்கு எங்கன்னு கேட்டு அன்னைக்கு என்ன கத்து கத்தினாரு!" என்று அதை ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

ஊரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். அடுப்பு அணைஞ்சுபோச்சு, இனிமே குட்டியைக் கொண்டுவந்து கீழறையில வைக்காதீங்க. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, வந்து, பழக்க தோஷத்தில் அதே கம்பியில் சாய்ந்து, "அய்யோ அம்மா!" என்று துள்ளினார்கள். ஜில்லென்ற இரும்பு. கிளெனிஸுக்கு அது ஒரு வேடிக்கை. "சாஞ்சுக்கோ, சாஞ்சுக்கோ, சூடாத்தான் இருக்கு" என்று ஏமாற்றி நின்று பார்ப்பாள்.

சமையலுக்கு என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் ஆட்டு ரோமத்தை இப்போதெல்லாம் வாங்குவாரில்லை, கத்தரிக்கிற கூலிக்கே காணாது. கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை அலசிக் காயவைத்து, ஒரு பழைய மரப்பெட்டிக்குள் சுற்றிலும் அடைத்தாள். நடுவில் ஒரு பானை வைக்கிற குழி, மேலே ரோமம் திணித்த மெத்தை. புதிதாக வாங்கிய சின்ன மின்னடுப்பில் குழம்பை ஒரு கொதி விட்டு இறக்கி, பானையை அப்படியே குழிக்குள் வைத்து மூடிவிடுவாள். ராத்திரி முழுக்க அது தானாக வேகும், ஒரு யூனிட் கரண்ட் கிடையாது. நான் கேலி பண்ணினேன். "ஆட்டுக்கறியை ஆட்டுக்கே போத்தி விடுறியா?" சாப்பிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன். கறி கரண்டியில் உதிர்ந்தது.

ஆனால் வீடு குளிர்ந்துபோனது உண்மை. விரல் வெடித்தது. படுக்கையில் தொப்பி போட்டுக்கொண்டு படுத்தாள். மார்ச் நெருங்க நெருங்க அவள் பேச்சும் குறைந்தது. குட்டி விறைத்துப்போனால் என்ன செய்வது என்ற பயம்தான், கேட்க வேண்டியதில்லை. எனக்கும் அதே பயம். ஒரு குட்டி செத்தால்கூட அவள் தன் தலையில்தான் போட்டுக்கொள்வாள்.

மார்ச் கடைசியில் பனியும் மழையும் கலந்து ஊசியாகக் குத்திய ஒரு காலை. ஆட்டு வாயில் மருந்து பீச்சுகிற குழலை அவளிடம் இரவல் வாங்கியிருந்தேன், அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சமையலறையில் ஆள் இல்லை. அடுப்பின் கீழறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு குட்டி. ஈரம்கூடத் துடைக்காத புதுக்குட்டி, கழுத்து தொங்கிக் கிடந்தது. கையை நீட்டினால் இரும்பு பனிக்கட்டி. இருக்கிற கொஞ்ச சூட்டையும் அது உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"கிளெனிஸ்!" நான் போட்ட கத்தலில் நாய் ஓடிப்போனது.

கொட்டகையிலிருந்து வந்தாள், முழங்கை வரை ரத்தம். நீலக் கோடு போட்ட ஆடு ஒன்று அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. குட்டி செத்தே பிறந்திருந்தது. அந்த முகத்தோடு வந்தவள் இதையும் பார்த்தாள்.

"எந்த முட்டாள் வச்சான் இதை?" என்றேன். "அத்தனை பேருக்கும் சொன்னியே!"

அதே நேரம் ரோலண்ட் கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். "மூணு போட்டுடுச்சு, மூணாவதைக் கிட்ட சேக்கல, முட்டித் தள்ளிடுச்சு. இங்க வச்சுட்டு மத்த ரெண்டையும் பாத்துட்டு வரலாம்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அதை அணைக்க வைத்தவரே அவர்தான்.

"போடுங்க. இப்பவே போடுங்க. பில்லை நான் கட்டுறேன்."

"இது சூடாகச் சாயங்காலம் ஆகும் ரோலண்ட். குட்டிக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

சொல்லும்போதே அவள் ரோமப் பெட்டியின் மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டாள். உள்ளே முந்தின ராத்திரி வைத்த குழம்புப் பானை. அதை இரண்டு கையாலும் தூக்கி மேஜையில் வைத்தாள், பாதி கொட்டியது. "துடை, நல்லா தேச்சுத் துடை" என்று குட்டியை என்னிடம் தந்தாள். நான் தேய்த்தேன், தோல் உரியுமோ என்கிற அளவுக்குத் தேய்த்தேன். குட்டியைப் பானை இருந்த குழிக்குள் வைத்தாள். ராத்திரி முழுக்கச் சூடு குடித்த ரோமம், அடுப்பு எரிந்த காலத்துக் கீழறையைவிட இதமாக இருந்தது. கெட்டிலில் கொதித்த நீரைப் பாட்டிலில் ஊற்றி, காலுறையில் சுற்றிப் பக்கத்தில் செருகினாள்.

"நெஸ்டா, கொட்டகைக்கு ஓடு. நீலக்கோட்டுக்காரிகிட்ட சீம்பால் கறந்துட்டு வா. அவ குட்டிக்கு இனிமே வேண்டாம்."

கறந்தேன். மஞ்சளாக, கெட்டியாக, ஏராளமாக வந்தது. மெல்லிய குழாயைக் குட்டியின் தொண்டைக்குள் இறக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ரோலண்ட் பெட்டியருகில் மண்டியிட்டிருந்தார். மூன்று பேரும் ஒரு மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். எனக்குப் பிரார்த்தனை வராது, அன்றைக்கு வந்தது.

முதலில் ஒரு காது அசைந்தது. பிறகு தலை எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அப்புறம் கத்தியது பாருங்கள் ஒரு கத்து!

ரோலண்ட் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். "நான்தான அணைக்க வச்சேன். நானே கொண்டுவந்து அதுக்குள்ளேயே வச்சேனே. ஒரு யோசனையும் இல்லாம..."

"யோசிச்சா வைக்க மாட்டே" என்றாள் கிளெனிஸ். அவரை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "இந்த மலைக்காரன்தான் யோசிக்காம வைப்பான். போ, மூஞ்சியைக் கழுவு."

மத்தியானம் செத்துப் பிறந்த குட்டியின் தோலை உரித்து, காலுக்கு ஓட்டை விட்டு, தன் குட்டி வாசனைதான் என்று தாய் நம்பட்டும் என இந்தக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டினாள். மூவரும் கொட்டகைக்குப் போனோம். நீலக்கோட்டுக்காரி மோந்து பார்த்தாள். காலால் தரையை ஒரு தடவை தட்டினாள். பிறகு அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தாள், தாய் மட்டும் கொடுக்கிற சத்தம். குட்டி தட்டுத் தடுமாறி மடியைப் பிடித்தது. வால் அடித்துக்கொண்டது.

ரோலண்ட் கொட்டகை வாசலில் மழையில் நின்றபடி ஆட்டின் முதுகைக் காட்டினார். "அது என்ன கோடு?"

"விக்கப் போட்ட கோடு."

"இவளையா?"

"ஆமா. அடுப்புக்குத் தீனி போட."

கிளெனிஸ் ஒரு பிடி வைக்கோலை எடுத்து அந்த நீலத்தை அழுத்தித் தேய்த்தாள். அது எங்கே போகும்? ரோமம் கத்தரித்தால்தான் போகும். வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கணக்குப் போட்டுச் சொல்லு ரோலண்ட், இவ வாரத்துக்கு எத்தனை யூனிட் இழுப்பா?"